ஒற்றனின் பங்கு, காவலனின் கூலி

பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வந்த மறவர் அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதைப் புறப்பொருள் இலக்கணம் 'பாதீடு' என்னும் துறையாக வகுத்திருக்கிறது. அதோடு அது நின்றுவிடவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, வெட்சித் திணையில் 'புலனறி சிறப்பு' என்றொரு துறையையும் வைத்து, பகைப்புலத்துக்குள் முன்னே சென்று நிலைமையை அறிந்து வந்து சொன்ன ஒற்றருக்கு, வில்லேந்திப் பொருதவர் தாம் எடுத்துக்கொண்டதைவிட மிகுதியாகக் கொடுத்த செய்தியைப் பாடுவதற்கு இடம் தந்திருக்கிறது. காப்போர் நிலையும் அவ்வாறே. நிரை கவர்தல் வெட்சி என்றால் அதை மீட்டல் கரந்தை, படையெடுப்பு வஞ்சி என்றால் அதை எதிர்த்து நிற்றல் காஞ்சி, மதில் வளைத்தல் உழிஞை என்றால் மதில் காத்தல் நொச்சி எனத் தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் இணையாகக் காத்தலுக்கும் ஒரு திணையும், சூடிக்கொள்ள ஒரு பூவும் அந்நூலில் உண்டு. தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள்ளும் நொச்சியை உழிஞைக்குள்ளும் அடக்கியிருக்க, பின்வந்த இலக்கணம் அவற்றைப் பிரித்துத் தனி மதிப்புக் கொடுத்தது என்பது கவனிக்கத்தக்கது.

இந்தப் பழைய ஏற்பாட்டை இப்போது நினைவுகூரக் காரணம், இணையவழித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை வடிவமைப்போர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதே கணக்கோடு மல்லுக்கட்டி வருவதுதான். போடிநாயக்கனூரின் ஏலக்காய்க் கடைகளிலிருந்து போடிமெட்டு, குரங்கணிச் சரிவுகளின் தோட்டக் குடியிருப்புகள் வரை இளைஞர் கைபேசியில் ஆடும் விளையாட்டுகளில், 'எத்தனை கில்' என்ற ஒரு கேள்வியே ஆட்டக்காரனின் தரத்தை முடிவு செய்கிறது. ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்பவனை 'கேம்ப் அடிக்கிறான்' என்று ஏசுவதும் வழக்கம். முன்னே சென்று எதிரி இருக்கும் திசையைக் கண்டு சொன்னவனுக்கு, அவன் சொல்லை நம்பிச் சுட்ட கூட்டாளி பெறும் புள்ளியில் பெரும்பாலும் பங்கில்லை.

இந்தக் குறை சோம்பலால் மட்டும் நேர்ந்ததன்று. சுட்டு வீழ்த்தியதைக் கணினி எளிதில் எண்ணிவிடும். காவலின் வெற்றியோ எதுவும் நடக்காமல் போவதில் இருப்பதால் எண்ணுவதற்குப் பொருளே மிஞ்சுவதில்லை. அறுவடைக் காலத்தில் ஏலத் தோட்டத்தில் இரவெல்லாம் விழித்திருந்த காவலாள், காலையில் ஒரு காயும் களவு போகவில்லை என்பதை மட்டுமே தன் உழைப்புக்குச் சான்றாகக் காட்ட முடியும், அதுவும் அவன் தூங்கியிருந்தாலும் கிடைத்திருக்கக்கூடிய சான்றுதான்.

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் அணி பிரிந்து மோதும் பெருந்திரள் விளையாட்டுகளில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிந்தது. சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2012 நவம்பரில் வெளியிட்ட பிளானட்சைடு 2 இவ்வகையில் தலையாயது; 2015 ஜனவரி 24 அன்று அதன் ஒரே போரில் 1,158 பேர் பங்கேற்றதைக் கின்னஸ் பதிவு செய்தது. மூன்று பேரரசுகள் கண்டங்களின் தளங்களுக்காக மோதும் இவ்விளையாட்டில், செயல்களுக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் 250 சேர்ந்தால் ஒரு சான்றுப்புள்ளி ஆகும். அதைக் கொண்டே ஆயுதங்களையும் திறன்களையும் மேம்படுத்த வேண்டும். தளத்தைக் கைப்பற்றினால் மொத்தமாக ஒரு தொகை கிடைத்ததால், கூட்டம் கூட்டமாகச் சென்று காவலற்ற தளங்களை விழுங்குவதும், எதிரிக் கூட்டம் வரும்போது நின்று சாவதைவிட வேறிடம் போய் வேறொரு தளத்தைப் பிடிப்பதும் ஆதாயமாயின. இரு அணிகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே மாறி மாறித் தளங்களைப் பிடித்தால் இரு பக்கமும் புள்ளி சேரும், போர் மட்டும் நடக்காது.

நிறுவனம் செய்த திருத்தங்களுள் புள்ளிக் கணக்கைத் தொடாத ஒன்றே மிக முக்கியமானது எனலாம். 2013இல் தளங்களைக் கோடுகளால் பிணைத்து, ஒரு தளத்திலிருந்து அதனோடு இணைந்த தளத்தை மட்டுமே தாக்க முடியும் என்று விதித்தபோது, எதிரி எந்த வழியாக வருவான் என்பது காப்போருக்கு முன்கூட்டியே தெரிந்தது. சமவெளியில் எங்கும் நுழையலாம் என்றால் காவல் வீண். போடியிலிருந்து பதினேழு கொண்டைஊசி வளைவுகளில் ஏறும் மலைப்பாதை போல வழி ஒன்றே என்றால், மேட்டில் நிற்கும் சிலர் பலரை மறிக்கலாம். காவலுக்குக் கூலி கொடுப்பதற்கு முன், காத்தல் கைகூடும் நிலத்தை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை அந்த மாற்றம் காட்டியது. ஒற்றுக்கும் அங்கே வழி செய்யப்பட்டது. ஊடுருவி என்னும் வகை வீரன் எய்யும் உணரி, சுற்றிலும் நடமாடும் பகைவரைக் கூட்டாளிகளின் வரைபடத்தில் காட்டும். அவ்வாறு காட்டப்பட்டவன் வீழ்ந்தால் உணரியை வைத்தவனுக்கும் புள்ளி உண்டு.

இதை மேலும் நுணுக்கமாகச் செய்தது வார்கேமிங் நிறுவனம் 2010இல் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ். பதினைவர் அணிகள் பீரங்கி வண்டிகளில் மோதும் இதில், யாரேனும் ஒருவர் கண்டுபிடிக்கும் வரை எதிரி வண்டி பிறர் திரையில் தோன்றுவதே இல்லை. ஆகையால் இலகுவகை வண்டியில் முன்னே சென்று புதருக்குள் அசையாது நிற்பவன் ஒரு குண்டும் சுடாமலே, அவன் காட்டிக்கொடுத்த இலக்குகளின்மீது கூட்டாளிகள் விளைத்த சேதத்தில் தன் பங்கைப் பெறுகிறான். ஆட்டத்தில் ஒன்பது எதிரி வண்டிகளைக் கண்டுபிடித்தால் ஒற்றர் பதக்கம் கிடைக்க வாய்ப்புண்டு. புலனறி சிறப்புக்கு இதைவிட நெருங்கிய இக்கால வடிவம் காண்பது அரிது. வெறுமனே பார்த்ததற்கு அன்றி, பார்த்ததால் விளைந்த பயனுக்கே பெரும்பங்கு தரப்படுவதுதான் இதன் திறம். வெண்பாமாலை இவ்வளவு கறாராக இல்லை. அதே திணையில் 'பிள்ளை வழக்கு' என்னும் துறை, பறவை நிமித்தம் பார்த்துச் சொன்னவனுக்கும் பங்கு தந்துவிடுகிறது!

காவலுக்குக் கூலி வைப்பதில் உள்ள ஆபத்தை அறிய விளையாட்டுக்கு வெளியே வர வேண்டும். போடியும் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், ஊர்க்காவல் என்பது விளைச்சலில் பங்கோ பணமோ கொடுத்துப் பெறும் பணியாக இருந்தது. காவல்காரர் தம் பொறுப்பிலுள்ள மாடு களவு போனால் மீட்டுத் தரவோ ஈடு கட்டவோ கடமைப்பட்டவர். களவு போன மாடு நிற்கும் இடத்தைக் கண்டு சொல்வதற்குக் கொடுத்த பணம் துப்புக்கூலி எனப்பட்டது. காவல் கூலி தராதவரின் மாடே காணாமல் போனதென்றும், துப்புக்கூலி வாங்கியவர்களே சில வேளை மாட்டை ஓட்டியவர்களோடு சேர்ந்திருந்தனர் என்றும், 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை கெஜட்டியர் உள்ளிட்ட ஆங்கிலேயர் பதிவுகள் குற்றம் சாட்டின. பின்னாளில் குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஒரு சமூகத்தின்மீதே ஏவிய ஆட்சியின் பதிவுகள் அவை என்பதால், அவற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆயினும் துப்புக்குக் கூலி உண்டென்றால் துப்புத் துலக்க வேண்டிய களவு பெருகுவதில் ஒருவருக்கு நலன் பிறந்துவிடும் என்ற ஐயம், எந்த ஊருக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்தக்கூடியதே.

பீரங்கி விளையாட்டின் காவலர் பதக்கத்தில் அதே முடிச்சு விழுந்திருக்கிறது. எதிரி நம் தளத்து வட்டத்துக்குள் வந்து நிற்க நிற்க அவன் கணக்கில் புள்ளிகள் ஏறி, நூறானால் தளம் போய்விடும். நிற்பவனைச் சுட்டு அப்புள்ளிகளில் எழுபதைக் கரைத்தவனுக்கே பதக்கம். எதிரியை வட்டத்துக்கு வெகு தொலைவிலேயே மறித்தவனுக்கு அதில் ஒன்றுமில்லை. உள்ளே விட்டு, புள்ளி ஏறும் வரை பார்த்திருந்து, பிறகு சுட்டவனே காவலன் ஆகிறான். கூலியைத் தாமதத்துக்குக் கொடுத்தால் இம்முடிச்சு ஓரளவு தளரும். தாக்குவோர் எத்தனை பேர், காத்தவர் எத்தனை பேர், எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தனர் என்பதை வைத்துப் புள்ளியைக் கணக்கிட்டால், சிறு படை பெரும்படையைத் தடுத்த நேரத்துக்கு உயர்ந்த விலையும், யாரும் வராத தளத்தில் சும்மா நின்றதற்கு ஒன்றுமில்லாமையும் கிடைக்கும். மதுரைச் சீமையின் ஊரார் கையில் அந்தக் கணக்கு இல்லை. விளையாட்டை நடத்தும் சர்வரோ ஒவ்வொருவரின் ஒவ்வோர் அடியையும் அறிந்திருக்கிறது. அது எண்ணாமல் விடுவதெல்லாம் வடிவமைப்பாளர் எண்ண வேண்டாமென்று விட்டவை.

புள்ளியைவிடப் பெயருக்கு ஆசைப்படுவோரும் உண்டு. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட, தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த வீரனைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. திருவண்ணாமலைப் பகுதியின் எடுத்தனூர் நடுகல் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து அக்கல், மாண்ட வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் பொறித்திருக்கிறது. துணை நின்ற செயலை இவ்வளவு துல்லியமாக, எண்ணிக்கையோடு பதிந்த அந்த ஏழாம் நூற்றாண்டுக் கல்தச்சனின் நேர்மை, இன்றைய மதிப்பெண் பலகைகள் பலவற்றில் இல்லை.

2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்ட பின், 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென வெளியிட்ட பிஜிஎம்ஐ விளையாட்டின் போட்டிகளில், கடைசி வரை எஞ்சும் அணிக்கு 10 புள்ளியும் அடுத்தடுத்தவற்றுக்கு 6, 5, 4 என இறங்கும் புள்ளிகளும், வீழ்த்திய ஒவ்வோர் எதிரிக்கும் ஒரு புள்ளியும் தரும் முறை பரவலாக உள்ளது. எஞ்சி நிற்பதற்கான புள்ளி நால்வர் அணிக்குப் பொதுவாகச் சேர்வதால், மேட்டில் படுத்து வழி பார்த்துச் சொன்னவனுக்கும் அதில் பாதீடு கிடைத்துவிடுகிறது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் பெருமைக்குரியவனாக அறிவிக்கப்படுபவன் பெரும்பாலும் அதிகம் சுட்டவனே. ஆகவே அணியில் யார் முன்னே போய்ப் பார்ப்பது என்ற கேள்வி எழும்போது, நால்வரும் மற்ற மூவரைப் பார்க்கிறார்கள்.