பழைய சுவர்த்தாளை உரிக்கும் முன் அதன் அடியில் இருப்பதை அறிவோம்

பிரித்தானியாவில் ஈஸ்ற்ஹாம், ரூற்றிங், குரொய்டன் போன்ற பகுதிகளில் எம்மவர்கள் வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் வாழும் வரிசை வீடுகளில் பல, நூறு வருடங்களைத் தாண்டியவை. அவற்றின் சுவர்களில் ஒரு தலைமுறை ஒட்டிய தாளின் மேல் அடுத்த தலைமுறை இன்னொரு தாளை ஒட்டியிருக்கும். ஊரில் சுவருக்கு வெள்ளையடித்தே பழகிய எமக்கு இது புதியது. வீடு கைக்கு வந்ததும் கடையில் ஒரு போத்தல் இரசாயனத்தை வாங்கி, விடுமுறை நாளில் குடும்பமாகச் சேர்ந்து உரிக்கத் தொடங்குபவர்கள் பலர். சம்பளத்துக்கு இதே வேலையைச் செய்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். இவர்கள் போத்தலில் உள்ள இரசாயனத்துக்குப் பயப்படுவதுண்டு. ஆனால் பெரிய ஆபத்து பெரும்பாலும் தாளின் அடியில்தான் இருக்கிறது.

போத்தலில் என்ன இருக்கிறது?

சுவரொட்டி ஒட்டக் கோதுமை மாவில் பசை காய்ச்சியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பழைய சுவர்த்தாள்கள் அத்தகைய மாப்பசையால் ஒட்டப்பட்டவை. பின்னாளில் வந்த செலுலோஸ் பசையும் நீரில் இளகுவதே. எனவே தாளைக் கழற்றுவது உண்மையில் தண்ணீர்தான். தாள் கழற்றும் திரவங்களில் பெரும்பாலும் சவர்க்காரத்தைப் போல நீரை உள்ளே ஊறச்செய்யும் பொருள் இருக்கும். சிலவற்றில் மாப்பசையைச் சிதைக்கும் நொதியமும் சேர்க்கப்பட்டிருக்கும். கையுறை அணிந்து, யன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்தினால் இவற்றால் பெரிய தீங்கில்லை.

பெயின்ற் கழற்றும் திரவம் வேறு. இரண்டையும் மாற்றி வாங்கிவிடக் கூடாது. முன்னர் அதில் பரவலாகச் சேர்க்கப்பட்ட டைகுளோரோமெதேன் என்ற இரசாயனத்தின் ஆவி காற்றைவிடப் பாரமானது. மூடிய அறையில் தாழ்வாகத் தேங்கி மயக்கத்தை உண்டாக்கும். உடலுக்குள் அது காபனோரொட்சைட்டாக மாறும். குளியலறை போன்ற சிறிய இடங்களில் இதைப் பயன்படுத்திய தொழிலாளர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 2012ஆம் ஆண்டளவில் பொதுமக்களுக்கான இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அமெரிக்கா 2019இல் தடைசெய்தது. கராஜில் கிடக்கும் பழைய தகரப்பேணிகளில் இது இன்னும் இருக்கலாம். அவற்றைத் திறக்காமல் மாநகரசபையின் அபாயக் கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள்.

ஈயமும் அஸ்பெஸ்ரஸும்

பழைய வீடுகளில் தாளின் அடியில் ஈயம் கலந்த பெயின்ற் இருக்கலாம். கதவு நிலைகளிலும் யன்னல் சட்டங்களிலும் இது மிகச் சாதாரணம். பிரித்தானியாவில் பொதுமக்களுக்கு ஈயப் பெயின்ற் விற்பது 1992இல்தான் தடைசெய்யப்பட்டது. உலர்ந்த நிலையில் சுரண்டும்போதும் மண்தாளால் தேய்க்கும்போதும் எழும் தூசு தரையில் படியும். தவழும் குழந்தை அதைக் கையால் தொட்டு வாயில் வைக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஏற்படும் பாதிப்பைப் பின்னர் சரிசெய்ய முடியாது. கர்ப்பிணியின் உடலில் இருந்து அது கருவையும் சென்றடையும்.

அஸ்பெஸ்ரஸை நாம் ஊரில் கூரைத்தகடாக அறிவோம். பிரித்தானியாவில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்ட ஆண்டு 1999. அதற்கு முன் கட்டப்பட்ட அல்லது திருத்தப்பட்ட வீடுகளின் கூரையடித் தளத்திலும் சுவர்களிலும் காணப்படும் சொரசொரப்பான வடிவப் பூச்சில் வெள்ளை அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். குலையாமல் இருக்கும்வரை அதனால் ஆபத்து குறைவு. சுரண்டினால் அதன் நுண்ணிழைகள் காற்றில் கலந்து நுரையீரலை அடையும். அதனால் வரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும்.

வேலையைச் செய்யும் முறை

முதலில் ஒரு மூலையில் கையளவு தாளை நனைத்துக் கழற்றிப் பாருங்கள். அடியில் பெயின்ற் தெரிந்தால், கடைகளில் கிடைக்கும் ஈயப் பரிசோதனைப் பொதியால் சோதியுங்கள். சொரசொரப்பான பூச்சு தெரிந்தால் வேலையை நிறுத்தி, ஆய்வுகூடப் பரிசோதனை செய்வியுங்கள். ஈயப் பெயின்ற் உறுதியாக இருந்தால் அதைக் கழற்ற வேண்டியதில்லை. மேலே புதிய பெயின்ற் பூசலாம். வாடகை வீடானால் தொடங்கும் முன்னரே உரிமையாளரின் சம்மதத்தைப் பெறுங்கள்.

சுவர் பாதுகாப்பானது என்று தெரிந்தபின் அறையின் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிளாஸ்ரிக் போன்ற வைனைல் தாளானால் மேற்படையை உலர்ந்தபடியே இழுத்துக் கழற்றலாம். பெயின்ற் பூசிய தாளானால் இலேசாகக் கீறிவிட வேண்டும். பின்னர் வெந்நீரில் கலந்த திரவத்தைக் கீழிருந்து மேலாகப் பூசி, 15 முதல் 20 நிமிடங்கள் ஊறவிடுங்கள். அகலமான சுரண்டியைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் தாள் பட்டையாக வரும். வராவிட்டால் பலத்தைப் பிரயோகிக்காமல் மீண்டும் நனையுங்கள். பிளாஸ்ரர்போட் சுவரில் நீரை அளவோடு பயன்படுத்துங்கள். இறுதியில் எஞ்சிய பசையைக் கழுவி, சுவர் நன்கு காய்ந்தபின் பெயின்ற் பூசுங்கள். பசை மிஞ்சினால் புதிய பெயின்ற் வெடித்து உரியும். பூஞ்சணத்தைப் போக்க பிளீச்சையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து வெளிவரும் குளோரின் வாயு நச்சுத்தன்மை கொண்டது.

கூலிக்குச் செய்பவர்களுக்கு

இதை வேலையாகச் செய்பவர்களுக்கு, சுவரில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்கும் உரிமை உண்டு. பிரித்தானியாவில் 2022 ஏப்ரல் 6 முதல், நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டுமன்றித் தற்காலிகமாக வேலை செய்வோருக்கும் தேவையான முகக்கவசம், கையுறை போன்றவற்றைத் தொழில்தருநர் இலவசமாக வழங்க வேண்டும். வேலை பறிபோகுமோ என்ற அச்சத்தில் பலர் இதைக் கேட்பதில்லை. ஆனால் தூசு படிந்த உடுப்போடு வீடு திரும்பும் தந்தை, அந்தத் தூசைத் தன் பிள்ளைகளிடமும் கொண்டுசேர்க்கிறார். வேலையிடத்திலேயே உடுப்பை மாற்றி, கைமுகம் கழுவி, அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். இதற்குப் பத்து நிமிடங்கள் போதும்.