பழைய லேப்டாப்பை விற்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சுங்காயில் இருந்து படிக்கப் போனபோது வாங்கிய லேப்டாப். நான்கைந்து வருடம் உழைத்துவிட்டது. இப்போது வேலை கிடைத்து, புதிது வாங்கியாச்சு. பழையதை இணையத்தில் விளம்பரம் போட்டால் சில நூறு ரிங்கிட் கிடைக்கும். வாங்குபவர் ஈப்போவில் இருக்கிறார், சனிக்கிழமை ரயில் நிலையத்துக்கே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது?

யுபியு விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்த மைகார்டு, எஸ்பிஎம் சான்றிதழ், பிடிபிடிஎன் ஒப்பந்தம், அப்பாவின் சம்பளச் சீட்டு. பாட்டியின் குடியுரிமை விண்ணப்பத்துக்காகத் தேடி எடுத்த சிவப்பு அடையாள அட்டையும் பழைய பிறப்புப் பத்திரமும்கூட இருக்கலாம். தோட்டத்து லயத்து வீட்டின் முன் தாத்தா நிற்கும் படம் வேறு எங்கும் இல்லாமல் இதில் மட்டுமே இருக்கலாம்.

அதனால் வேலை இரண்டு. வேண்டியதை முழுதாகக் காப்பாற்றணும். மிச்சத்தை முழுதாக அழிக்கணும்.

டிலீட் செய்தால் போதாதா?

போதாது. ஒரு கோப்பை டிலீட் செய்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தால், கணினி அந்தக் கோப்பின் முகவரியை மட்டும்தான் நீக்குகிறது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு பக்கங்களை அப்படியே விட்ட மாதிரி. அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்படும் வரை, இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளாலேயே அதைத் திரும்ப எடுத்துவிட முடியும். பழைய ஹார்டு டிஸ்க்கில் இது ரொம்ப சுலபம். புதிய எஸ்எஸ்டி, நீக்கிய இடத்தைத் தானே துடைத்துக்கொள்ளும் வசதி கொண்டது. ஆனாலும் அது எப்போது, எவ்வளவு துடைத்தது என்று நீங்கள் பார்க்க முடியாது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் பழைய ஹார்டு டிஸ்க் 158 வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129இல் வெறும் 12 மட்டுமே சரியாகத் துடைக்கப்பட்டிருந்தன. மற்றவற்றில் 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் கிடைத்தன. ஒன்று வங்கியின் ஏடிஎம் இயந்திரத்தில் இருந்து வந்தது!

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. மோர்கன் ஸ்டான்லி நிறுவனம், தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு பொருள் மாற்றும் நிறுவனத்திடம் பழைய கருவிகளை ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு அவற்றில் சில இணைய ஏலத்துக்கே போய்விட்டன. 2022இல் அந்த நிறுவனம் 3.5 கோடி அமெரிக்க டாலர் அபராதம் கட்டியது.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது வணிகத் தொடர்பில் தரவைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. உங்கள் லேப்டாப்பைத் துடைக்க வேண்டியது நீங்கள்தான்.

படி 1: காப்பாற்றுங்கள்

வேண்டிய கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கிலும் கிளவுடிலும் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் அதுவும் போகலாம். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், வாட்ஸ்அப் வழி வந்த படங்கள், மூன்றையும் பாருங்கள். முக்கியமாக, நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். "காப்பி ஆயிடுச்சு" என்று திரை சொல்வதை மட்டும் நம்பாதீங்க. அம்மா, தம்பி, தங்கை யாராவது அதே லேப்டாப்பில் எதையாவது வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

படி 2: வெளியேறுங்கள்

கூகுள், மைக்ரோசாஃப்ட், வங்கி, கேடபிள்யூஎஸ்பி என எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட கருவிகள் பட்டியலில் இருந்து லேப்டாப்பை நீக்குங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று கைப்பேசியில் சரிபாருங்கள்.

படி 3: பூட்டிவிட்டு அழியுங்கள்

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருந்தால் ஆன் செய்து, முடியும்வரை காத்திருங்கள். இது எல்லாத் தரவையும் சங்கேதமாக மாற்றிவிடும். பின்னர் ரீசெட் செய்யும்போது சாவி அழிந்துவிடும். மிச்சம் ஏதாவது இருந்தாலும் படிக்க முடியாது.

பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, ரீசெட் திஸ் பிசி. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். 'கீப் மை ஃபைல்ஸ்' வேண்டவே வேண்டாம்.

அடுத்து கிளவுட் டவுன்லோடா, லோக்கல் ரீஇன்ஸ்டாலா என்று கேட்கும். முதலாவது 4 ஜிபிக்கு மேல் இணையத் தரவு எடுக்கக்கூடும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் லோக்கலைத் தேர்ந்தெடுக்கலாம்.

பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம் இதற்குப் பிறகுதான்: 'சேஞ்ச் செட்டிங்ஸ்' அழுத்தி, 'கிளீன் டேட்டா' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். அது இல்லாவிட்டால் ரீசெட் மேலோட்டமாக நின்றுவிடும். பல மணி நேரம் ஆகலாம். சார்ஜரைச் செருகியே வையுங்கள். மாலையில் இடி மழை வரும்போது ஆரம்பிக்காதீங்க.

மேக்புக் என்றால், ஆப்பிள் சிலிக்கான் அல்லது டி2 சிப் உள்ள, 2021இல் வந்த மான்டரேயோ அதற்குப் பிந்தையதோ ஓடும் கணினிகளில் 'இரேஸ் ஆல் கண்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' இருக்கும். 'ஃபைண்ட் மை' அணைந்ததா என்று உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவருக்குக் கணினி திறக்காது. குரோம்புக்கில் 'பவர்வாஷ்' போதும்.

35 முறை அழிக்கணும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு அது தேவையில்லை, முழுதாக ஒரு முறை மேலெழுதினாலே போதும்.

லேப்டாப் ஆன் ஆகவே இல்லையா?

திரை போனாலும் டிஸ்க் உயிரோடுதான் இருக்கும். கடையில் சொல்லி, உங்கள் கண் முன்னால் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் இல்லாமல் விற்கலாம், வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கழற்றிய டிஸ்க்கை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.

விண்டோஸ் 10 ஓடும் கணினியா? அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதையும் வாங்குபவரிடம் மறைக்காதீங்க.

கடைசிச் சோதனை

எல்லாம் முடிந்ததும் லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். நாடு, மொழி கேட்கும் முதல் திரை வரணும். உங்கள் பெயர் எங்கும் தெரியக்கூடாது. அங்கேயே நிறுத்தி, மீண்டும் உள்நுழையாமல் ஆஃப் செய்யுங்கள். பிறகு கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அல்லது ஆப்பிள் கணக்கைத் திறந்து, கருவிகள் பட்டியலில் இருந்து அதை நீக்குங்கள்.

ஏற்கெனவே துடைக்காமல் விற்றுவிட்டீர்களா? இன்றே முக்கியக் கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். வங்கிக் கணக்கில் மோசடியால் பணம் போனது தெரிந்தால், தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

தாத்தாவின் படம் உங்களிடம் பத்திரமாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, சனிக்கிழமை நிம்மதியாக ரயில் நிலையத்துக்குப் போங்க.