ஜெர்மனியில் 'ஃபீஸ் இல்லாத' படிப்பு: சந்தேகங்களும் விளக்கங்களும்

மேல்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னால், அமெரிக்கா, பிரிட்டன் கட்டணங்களைக் கேட்டு மலைத்துப்போகும் பெற்றோர் அடுத்து விசாரிப்பது ஜெர்மனியைத்தான். அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களுக்கே முதலிடம். 2023-24 குளிர்காலப் பருவத்திலேயே அவர்கள் எண்ணிக்கை 49,000-ஐத் தாண்டிவிட்டது. 'ஃபீஸே கிடையாது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், முடித்ததும் அங்கேயே செட்டில் ஆகிவிடலாம்' என்ற பேச்சு ஊரெங்கும் பரவியிருக்கிறது. இதில் பாதிதான் உண்மை. மீதியைக் கேட்டுக்கொள்ளாமல் போகிறவர்கள்தான் அங்கே திண்டாடுகிறார்கள். மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி எழுப்பும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

ஜெர்மனியில் கல்விக் கட்டணம் உண்மையிலேயே இல்லையா?

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான இளநிலை, முதுநிலைப் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வெளிநாட்டவருக்கும் அதே சலுகைதான். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. ஹைடல்பெர்க், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ நகரங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் புதிதாகச் சேரும் அத்தகைய மாணவர்களுக்குக் கட்டணம் விதித்தது. அங்கே முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை ஆகும். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான எம்.பி.ஏ. போன்ற படிப்புகளுக்கும் தனிக் கட்டணம் உண்டு.

கட்டணமில்லாத இடங்களிலும் ஒவ்வொரு பருவத்துக்கும் 'செமஸ்டர் பங்களிப்பு' என்று 100 முதல் 400 யூரோ வரை செலுத்த வேண்டும். மாணவர் நலச் சேவைகளுக்கும், பல ஊர்களில் பேருந்து, ரயில் பாஸுக்கும் சேர்த்த தொகை இது.

அப்படியானால் கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

இதுதான் முதல் கண்டம். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்டினால்தான் விசா. 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். 2024 செப்டம்பரில் இந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 12 லட்சம் ரூபாய். பணம் எங்கும் போய்விடாது. ஜெர்மனியில் இறங்கியதும் மாதம் 992 யூரோ வீதம் மாணவருக்கே திரும்பி வரும். ஆனால் அதற்கு மேல் ஒரே மாதத்தில் எடுக்க முடியாது. வங்கிக் கடன் வாங்கினாலும் பணத்தை இந்தக் கணக்கில் போட்டுக் காட்டுவதே வழக்கம். உதவித்தொகை பெற்றவர்களுக்கும், ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் செலவுக்குச் சட்டப்படி பொறுப்பேற்றுக்கொண்டவர்களுக்கும் இந்தக் கணக்கு தேவையில்லை.

இன்னொரு விஷயம். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் சொந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினால், மிகுதித் தொகைக்கு வங்கி டி.சி.எஸ். வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அனுப்பும் நேரத்தில் கையில் ரொக்கம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனில் அனுப்பும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

இவை போக விமானக் கட்டணம், விசாவுக்கு 75 யூரோ, குளிருக்கான உடைகள், வீட்டுக்கு முன்பணம் எல்லாம் தனி. ஜெர்மனியில் மருத்துவக் காப்பீடு கட்டாயம். 30 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கான அரசுக் காப்பீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 150 யூரோ ஆகும். அது அந்த 992 யூரோவிலிருந்துதான் போக வேண்டும். விலை குறைவு என்று ஆரம்பத்தில் தனியார் காப்பீட்டைத் தேர்ந்துவிட்டால், படிப்பு முடியும்வரை அரசுக் காப்பீட்டுக்கு மாறுவது ஏறக்குறைய முடியாது.

பிளஸ் டூ முடித்தவுடனே போகலாமா?

பெரும்பாலும் நேரடியாகச் சேர முடியாது. ஜெர்மனியின் பள்ளிக் கல்விக்கு நம் பன்னிரண்டாம் வகுப்பு முழு இணையாகக் கருதப்படுவதில்லை. மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, 'ஸ்டூடியன்கொலேக்' என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர்ந்து அதன் இறுதித் தேர்வில் தேறுவது. இரண்டு, இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் முதலாண்டை முடித்துவிட்டு அதே துறைக்கு விண்ணப்பிப்பது. மூன்று, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறுவது. தொழில்நுட்பப் படிப்புகளுக்கு இந்த வழி உதவும். அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடப்பதால், முதுநிலைக்குப் போவதே நம் மாணவர்களுக்கு எளிது.

மருத்துவம் படிக்கலாமா?

அரசுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் ஜெர்மன் மொழியில்தான் கற்பிக்கப்படுகிறது. இடப் போட்டியும் கடுமை. இந்தியா திரும்பி மருத்துவராக வேண்டுமானால், வெளிநாட்டுப் படிப்பு ஆங்கில வழியில் இருக்க வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதி. ஆக, ஊருக்குத் திரும்பி மருத்துவமனை வைக்க நினைப்பவர்களுக்கு இது சரியான பாதை அல்ல.

மதிப்பெண் எவ்வளவு இருக்க வேண்டும்? அரியர் இருந்தால்?

ஜெர்மன் மதிப்பெண் முறை நம்முடையதற்குத் தலைகீழ். 1.0 என்பது மிகச் சிறப்பு, 4.0 என்பது தேர்ச்சியின் கடைசி எல்லை. இந்திய மதிப்பெண்ணை ஒரு வாய்பாட்டின்படி மாற்றுகிறார்கள். பத்துக்கு ஐந்து தேர்ச்சி என்ற முறையில் படித்தவர் சி.ஜி.பி.ஏ. 8 எடுத்திருந்தால் 2.2 வரும். 7.5 எடுத்திருந்தால் 2.5, 7 எடுத்திருந்தால் 2.8. பல முதுநிலைப் படிப்புகள் 2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பெண்ணை எதிர்பார்க்கின்றன. அரியர் எழுதித் தேறியதே தடையாகிவிடாது. அது இறுதி மதிப்பெண்ணை எவ்வளவு இறக்கியது என்பதே கேள்வி.

மதிப்பெண்ணைவிட முக்கியம் பாடப் பொருத்தம். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐ.டி. நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர், கணினி அறிவியல் முதுநிலைக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் இடம் கிடைக்காது. இளநிலையில் கணிதம், அல்காரிதம், நிரலாக்கம் ஆகியவற்றை எத்தனை கிரெடிட் படித்தார் என்று பாடவாரியாகப் பார்ப்பார்கள். வேலை அனுபவம் அந்தக் குறையை ஈடுகட்டாது.

ஏ.பி.எஸ். சான்றிதழ் என்கிறார்களே, அது என்ன?

இந்தியக் கல்விச் சான்றுகள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழ். டெல்லியில் உள்ள ஏ.பி.எஸ். மையம் வழங்குகிறது. 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. கட்டணம் 18,000 ரூபாய். கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துடனேயே இதைக் கேட்பதால், இடம் கிடைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

ஏஜென்சி மூலம் விண்ணப்பிப்பது நல்லதா?

கட்டாயமில்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் இணையதளத்தில் ஆங்கில வழிப் படிப்புகள், கடைசித் தேதிகள், தகுதிகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகவோ, 'யூனி-அசிஸ்ட்' என்ற பொது அமைப்பு வழியாகவோ அனுப்பலாம். யூனி-அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அதே பருவத்தில் கூடுதலாக அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் ஆகும்.

ஏஜென்சியை நாடுபவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: சொல்லப்படும் பல்கலைக்கழகம் அரசுடையதா, தனியாருடையதா? தனியார் நிறுவனங்களில் ஆண்டுக்கு 10,000 யூரோவுக்கு மேலும் கட்டணம் இருக்கும். மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜென்சிக்குக் கமிஷன் கிடைப்பதும் அங்கேதான். பாதி ஆன்லைனில் நடக்கும் படிப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். 2025-இல் பெர்லினில் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்த இந்திய மாணவர்களின் வசிப்பு அனுமதி, படிப்பு முழுமையாக நேரடி வகுப்பாக இல்லை என்ற காரணத்தால் சிக்கலில் மாட்டியது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய பிறகு வந்த சிக்கல் அது.

ஜெர்மன் மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

வகுப்பறையில் முடியும். ஆங்கில வழி முதுநிலைப் படிப்புகள் நிறைய இருக்கின்றன. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 6.5 அளவில் மதிப்பெண் கேட்பது வழக்கம். வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் நிலைமை வேறு. வீட்டு ஒப்பந்தம், மாநகராட்சிக் கடிதம், காப்பீட்டு அறிவிப்பு எல்லாமே ஜெர்மனில் வரும். சிறிய, நடுத்தர நிறுவனங்களே அந்நாட்டுத் தொழில்துறையின் முதுகெலும்பு. அங்கெல்லாம் அலுவல் மொழி ஜெர்மன்தான். படிப்பு முடிந்தும் வேலைக்கு அலையும் நம்மவர்கள் பலருக்கு இடறுவது மொழிதான். ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2-ஐச் சென்னையில் உள்ள மேக்ஸ் முல்லர் பவன் போன்ற இடங்களில் இங்கேயே முடித்துவிட்டு, பி1, பி2 நிலைகளை அங்கே தொடர்வது நல்லது.

பகுதிநேர வேலையிலேயே எல்லாச் செலவையும் ஈடுகட்டலாமா?

2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்கலாம். பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவும் 'ஹிவி' வேலை இந்தக் கணக்கில் சேராது. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. காகிதத்தில் கணக்குப் போட்டால் செலவுக்குப் போதும் என்றே தோன்றும். ஆனால் முதல் பருவத்தில் மொழி தெரியாதவருக்குக் கிடைப்பது கிடங்கு வேலையும் உணவு டெலிவரியும்தான். அதுவும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. தேர்வு மாதங்களில் வேலை பார்க்கவும் முடியாது. தனியாகத் தொழில் செய்ய, ஃப்ரீலான்ஸ் வேலை எடுக்க முன் அனுமதி வேண்டும். முதல் ஆண்டுக்குப் பகுதிநேர வருமானத்தை நம்பாமல் இருப்பதே பாதுகாப்பு.

தேர்வில் தோற்றால் அரியர் எழுதிக்கொள்ளலாமா?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு பாடத்தை எத்தனை முறையும் எழுதலாம் என்ற வசதி அங்கே இல்லை. பொதுவாக இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பிலும் தவறினால் படிப்பிலிருந்து நீக்கப்படுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. படிப்பு போனால் அதை நம்பிக் கிடைத்த வசிப்பு அனுமதியும் ஆட்டம் காணும். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலையில் தேர்வெழுதப் போவது அங்கே விளையாட்டல்ல.

வீடு எளிதில் கிடைக்குமா?

கிடைக்காது. 'ஸ்டூடியரெண்டன்வெர்க்' நடத்தும் மாணவர் விடுதிகளே மலிவானவை. காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால் இடம் உறுதியான அன்றே விண்ணப்பித்துவிட வேண்டும். மியூனிக்கில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கே 700, 800 யூரோ கேட்பார்கள். கெம்னிட்ஸ், மாக்டபர்க் போன்ற கிழக்கு நகரங்களில் அதில் பாதிக்கும் கிடைக்கலாம். மாதம் 992 யூரோவில் வாழப்போகிறவர் பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஊரின் வாடகையையும் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். வீட்டைக் காட்டாமலேயே முன்பணத்தை அனுப்பச் சொல்லும் விளம்பரங்கள் பெரும்பாலும் மோசடி. குடியேறியதும் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கையொப்பமிட்ட கடிதம் தேவை என்பதால், கடிதம் தர மறுக்கும் வீட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டா?

தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வசதி 2025 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். மறுப்பைத் தவிர்க்க, இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தீர்கள் என்று விளக்கும் கடிதத்தை வேறு யாரிடமாவது கொடுத்து எழுதி வாங்காமல், மாணவரே எழுதுவதுதான் நல்லது.

உதவித்தொகை, கடன் வசதி உண்டா?

உண்டு. டி.ஏ.ஏ.டி. சில முதுநிலைப் படிப்புகளுக்கு முழு உதவித்தொகை தருகிறது. அவற்றில் பலவற்றுக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். 'டாய்ச்லாந்து ஸ்டிபெண்டியம்' மாதம் 300 யூரோ தருகிறது. சேர்ந்த பிறகு பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்கலாம். தமிழக அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் அச்சமூகங்களின் மாணவர்கள் வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்க உதவித்தொகை வழங்குகிறது. கல்விக் கடன் வாங்கினால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் வட்டிக்கு வரி விலக்குப் பெறலாம்.

படித்து முடித்ததும் அங்கேயே தங்கலாமா?

படிப்புக்கேற்ற வேலை தேட 18 மாதங்கள் அனுமதி கிடைக்கும். அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம். தகுதியான வேலை கிடைத்தால் 'புளூ கார்டு' போன்ற அனுமதிக்கு மாறலாம். ஆனால் இது வேலைக்கான உத்தரவாதம் அல்ல, தேடுவதற்கான அவகாசம் மட்டுமே.

எப்போது தயாராகத் தொடங்க வேண்டும்?

குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. பொதுவான கடைசித் தேதி ஜூலை 15 என்றாலும், ஆங்கில வழிப் படிப்புகள் பலவற்றுக்கு டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். எனவே முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஏ.பி.எஸ். விண்ணப்பத்தை அனுப்புங்கள். விதிகளும் தொகைகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் முன் ஜெர்மன் தூதரகத்தின் இணையதளத்தையும், சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தையும் பிள்ளையோடு சேர்ந்து பெற்றோரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.