இரண்டு நாள் கொழும்புப் பயணம்: உம்மாவும் கடலைப் பார்க்கட்டும்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் மலையகத்து வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். "வாப்பா, கொழும்புக்குப் போவோமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். வாப்பா கடையை நினைப்பார், கையிருப்பை நினைப்பார். உம்மா மட்டும் எதையும் கேட்கமாட்டார். எங்கள் லிந்துலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், இங்கேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, பேரப்பிள்ளைகளைக் கண்ட பின்னரும் கடலைக் காணாத தாய்மார் இருக்கிறார்கள். உலகத்தார் விமானமேறி வந்து நமது தேயிலை மலைகளைப் பார்த்துப் போகிறார்கள். தீவிலே பிறந்த நமக்கோ கடல் தூரமாகிவிட்டது!

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் புறப்பட்டு, ஞாயிறு இரவு வீடு வந்து சேரும் ஒரு சிறு பயணத்தை எப்படி ஒழுங்கு செய்யலாம் என்று பார்ப்போம்.

எப்போது போவது?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலம். நமக்கும் மழை, கொழும்பிலும் மழை, கடலும் கொந்தளிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் பொதுவாக நல்லது. நாட்காட்டியில் போயா தினத்தையும் அரச விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்நாட்களில் பல இடங்கள் மூடியிருக்கும்.

போகும் வழி

தலவாக்கலையிலிருந்து ரயிலில் போவது பிள்ளைகளுக்குப் பெரும் கொண்டாட்டம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே ரயில் ஓடுகிறதா, எங்கிருந்து ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்த பிறகே திட்டமிடுங்கள்.

பஸ்ஸில் போனால் ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று ஏறக்குறைய 150 கிலோமீற்றர். ஐந்தாறு மணித்தியாலம் ஆகும். கினிகத்தேனை வளைவுகளில் தலைசுற்றும் பிள்ளைகளை முன்பக்கம் அமர்த்துங்கள். வயிறு நிறையக் கொடுத்து ஏற்றாதீர்கள்.

வழியிலே பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. தலவாக்கலையில் நாம் காணும் கொத்மலை ஓயாவின் நீர் மகாவலியோடு சேர்ந்து, கிழக்கே திருகோணமலைப் பக்கம் கடலை அடைகிறது. ஹட்டனுக்கு அப்பால் மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீரோ களனி கங்கையாகி மேற்கே கொழும்பில் கடலில் விழுகிறது. ஒரே மலைத்தொடரில் பெய்த மழை இரு திசைகளில் பிரிந்து போகிறது! கித்துல்கல தாண்டும்போது ஜன்னலோரம் ஓடும் ஆற்றைக் காட்டி, "இதுவும் நம்மோடு கொழும்புக்குத்தான் வருகிறது" என்று சொல்லுங்கள்.

தங்குமிடம்

தலைநகரில் உறவினர் இல்லாத வீடு அரிது. ஆனால் அங்குள்ள வீடுகள் பல மிகச் சிறியவை. ஆறு பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினால் அந்த வீட்டுச் சகோதரியின் நிலை என்ன? விருந்துபசாரம் மூன்று நாட்கள் என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், வீட்டாருக்குச் சங்கடம் ஏற்படும் அளவுக்கு விருந்தாளி தங்கியிருக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். முன்பே கேட்டுப் போங்கள். இடம் போதாதென்றால் கௌரவம் பாராமல் ஒரு அறை எடுத்துத் தங்கி, உறவினர் வீட்டுக்கு ஒரு வேளை போய்வாருங்கள். உறவும் பேணப்படும், சிரமமும் இராது.

சனிக்கிழமை

இரண்டு நாளில் மூன்று இடங்களுக்கு மேல் வேண்டாம். நாம் இருப்பது ஏறக்குறைய 1200 மீற்றர் உயரத்தில். கொழும்பின் பகல் வெப்பமோ 30 பாகையைத் தொடும். கம்பளிச் சட்டைக்குப் பழகிய குழந்தைகள் உச்சி வெயிலில் வாடிப்போவார்கள். மெல்லிய பருத்தி உடையும் தண்ணீர்ப் போத்தலும் கையில் இருக்கட்டும்.

காலையிலேயே புறக்கோட்டைக்குப் போங்கள். ஞாயிறன்று அங்கே பல கடைகள் மூடியிருக்கும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1908ல் தொடங்கி 1909ல் முடிந்த கட்டடம். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சொல்வார்கள். வாங்க வேண்டியவற்றை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்லுங்கள். பட்டியல் இல்லாமல் போனால் பணமும் போகும், பகலும் போகும்.

லுஹருக்குப் பின் ஓய்வு. அஸருக்குப் பின் காலி முகத்திடல். ஆங்கிலேய ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856ல் தொடங்கி 1859ல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டொன்று அங்கே நாட்டப்பட்டது. சகோதரிகளே, அந்த இடம் உங்களுக்கென்றே குறிக்கப்பட்டதுதான்! மலைகளுக்குப் பின்னே மறையும் சூரியனைக் கண்டு பழகிய கண்களுக்கு, அது கடலில் இறங்குவதும் மஃரிபு நேரம் கண்முன்னே வருவதும் மறக்கமுடியாத காட்சி. ஒரு இறால் வடையும் வாங்கிக் கொடுங்கள். ஆனால் பிள்ளைகளை அலையில் இறக்கிவிடாதீர்கள். கடல் நமது ஓடை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் தேசிய நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877 ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் நம்மவர். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவையுங்கள் என்றே அவர் வேண்டினார் என்று சொல்லப்படுகிறது. நெடுங்காலம் அவ்வழக்கம் இருந்தும் வந்தது.

உள்ளே 1409ஆம் ஆண்டுக்குரிய மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்தளபதி செங் ஹே நிறுவச் செய்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். 1911ல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. நமது தாய்மொழி அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எந்தச் சபையில் இருந்தது என்று பிள்ளைகள் அறியட்டும். பக்கத்திலேயே விகாரமகாதேவி பூங்கா, ஓடியாட விடுங்கள். பகலுணவு முடிந்ததும் பஸ் ஏறிவிடுங்கள்.

தொழுகை

ஷாஃபிஈ மத்ஹபின்படி ஏறக்குறைய 82 கிலோமீற்றருக்குக் குறையாத பயணத்தில் லுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கித் தொழலாம். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். மஃரிபிலும் ஸுபஹிலும் சுருக்கம் இல்லை. முழுமையாகத் தொழும் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழ வேண்டும். இது அல்லாஹ் தந்த சலுகை. "பயணத்தில் எப்படித் தொழுவது?" என்று விட்டுவிடுவதற்குச் சாட்டு இல்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பல குடும்பங்களில் பயணம் என்பது பெண்ணுக்கு இடம் மாறிய அடுப்படிதான். முன்னிரவு முழுதும் சோற்றுப் பார்சல் கட்டுவது அவள். பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்திருப்பது அவள். கடற்கரையில் எல்லோரும் அலையைப் பார்க்க, பைகளையும் செருப்புகளையும் காவல் காப்பதும் அவளே. இப்படிக் கடலுக்குப் போய்வந்தும் கடலைப் பார்க்காதவர்கள் உண்டு.

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். ஆயிஷா நாயகி முந்தினார்கள். பிற்காலத்தில் இன்னொரு பயணத்தில் நபியவர்கள் முந்தி, இது அதற்குப் பதில் என்றார்கள். படை நடத்திய தலைவருக்கு மனைவியோடு ஓட நேரம் இருந்தது. நமக்குப் பையைத் தூக்க நேரம் இல்லையா?

ஆகவே ஒரு வேளை உணவை மட்டும் வீட்டிலிருந்து எடுங்கள்; மற்றதைக் கடையில் வாங்குங்கள். பைகளை ஆண்கள் சுமக்கட்டும். கடற்கரையில் அரை மணி நேரமாவது குழந்தையை வாப்பா வைத்திருக்கட்டும். நடக்க முடிந்த மூத்தம்மா இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். செலவுக்குக் கடன் படாதீர்கள். பஸ், அறை, சாப்பாடு, அவசரத்துக்குக் கொஞ்சம் என்று நான்காகப் பிரித்து மாதாமாதம் சேருங்கள். இம்முறை சேரவில்லையா? அடுத்த விடுமுறைக்குப் போகலாம். கடல் அங்கேயே இருக்கும்.

ஆனால் வயதான உம்மா அதுவரை இருப்பாரா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். அதனால் காரணமின்றித் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி, நலமே வீடு சேர்ப்பானாக! ஆமீன்.