படுக்கையில் உறையும் இரத்தம்: தயக்கமும் தெளிவும்



கோவளத்திலிருந்து ஒரு சகோதரர் கலங்கிய முகத்தோடு என்னைக் காண வந்தார். மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் நேர்ந்த விபத்தில் அவருடைய தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்து, செங்கல்பட்டில் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. நாள்தோறும் வயிற்றுத் தோலில் போடப்படும் ஊசிமருந்து பன்றியிலிருந்து பெறப்படுவது என்று யாரோ கூறிவிட, அந்த அம்மையார் ஊசியை மறுத்துவிட்டார். “ஹஜ்ரத், அம்மா செய்தது சரிதானா?” என்று கேட்டார்.

அந்த ஊசி எதற்காக என்பதை முதலில் அறிவோம். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து, காலிலுள்ள இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. நோயாளி அசையாது படுத்துவிட்டால் இரத்த ஓட்டம் மந்தமாகிறது. அறுவையும் காயமும் இரத்தத்தின் உறையும் தன்மையை மிகுதியாக்குகின்றன. இதனால் காலின் ஆழ்ந்த நாளத்தில் கட்டி உண்டாகலாம். அது பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களிலேயே உயிர் பிரியவும் கூடும்.

‘இது மேல்நாட்டார் நோய்’ என்று எண்ணிவிடாதீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வொன்று 2009-இல் வெளியாயிற்று. அங்குச் சேர்ந்த உள்நோயாளிகளில் 10,000 பேருக்கு ஏறத்தாழ 17 பேரிடம் இக்கட்டி உறுதி செய்யப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் அறுவையோ காயமோ இல்லாதவர்கள்! இந்தியாவின் 10 மருத்துவமனைகளில் 2,058 நோயாளிகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வில், ஆபத்துக்குள்ளானோரில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கே உரிய தடுப்பு கிடைத்திருந்தது.

தடுக்கும் வழிகள் மூன்று. முதலாவது, மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடப்பது. இரண்டாவது, காலை அழுத்தும் காலுறை, அல்லது காற்று நிரம்பி விட்டுவிட்டு அழுத்தும் உறை. நீரிழிவால் காலில் இரத்த ஓட்டம் குன்றியவருக்கு இறுக்கமான காலுறை தீங்கு செய்யலாம். ஆகவே தாமாக வாங்கி அணியலாகாது. மூன்றாவது, மருந்து. இரத்தக்கசிவு உள்ளவருக்கு மருந்து ஆகாது என்பதால் அதனை மருத்துவரே முடிவு செய்வார்.

இனி மார்க்கக் கேள்விக்கு வருவோம். ஹெப்பாரின் வகை மருந்துகள் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்தே தயாராகின்றன என்பது உண்மை. இதனை ஆராய்ந்த மக்காவின் இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம், 2003-இல் கூடிய அமர்வில், பயன் தரத்தக்க ஆகுமான மாற்று இல்லாதபோது புதிய வகை ஹெப்பாரினைத் தேவையான அளவுக்குப் பயன்படுத்தலாம் என்றும், தூய மாற்று கிடைக்குமானால் அதனையே நாட வேண்டும் என்றும் தீர்மானித்தது. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவருக்கு அல்பகரா அத்தியாயத்தின் 173-ஆம் வசனம் அளிக்கும் சலுகையையும் நாம் அறிவோம்.

மாற்று மருந்துகளும் உண்டு. ஃபோண்டாபாரினக்ஸ் என்னும் ஊசிமருந்து முற்றிலும் செயற்கை முறையில் தயாராவது. ரிவரோக்சபன், அபிக்சபன் மாத்திரைகளும் அவ்வாறே. ஆயினும் இவை எல்லோருக்கும் ஒத்துவரா. குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு எச்சரிக்கை தேவை. எனவே மருந்தை மௌனமாக மறுப்பது மார்க்கமன்று. “எனக்கேற்ற மாற்று உண்டா?” என்று வாய்திறந்து கேட்பதே முறை.

சகோதரிகளுக்குத் தனியே ஒரு சொல். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினால், நாணத்தால் மறைக்காதீர்கள். பெண் மருத்துவரிடமோ செவிலியரிடமோ உடனே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நொடியும் தாமதியாதீர்கள். வீடு திரும்பிய பின்னும் சில வாரங்களுக்கு இந்த ஆபத்து நீடிக்கும். எழுதித் தந்த மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

அன்று அந்தச் சகோதரரை உடனே மருத்துவரிடம் திருப்பியனுப்பினேன். தாயாரின் சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் மாற்று மருந்து ஏற்றதன்று என மருத்துவர் விளக்க, அம்மையார் பிஸ்மில்லாஹ் கூறி ஊசியை ஏற்றார். இன்று கைத்தடி ஊன்றி நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அறியாமையால் அதனை இழந்துவிடாமல் வல்ல நாயன் நம்மைக் காப்பானாக, ஆமீன்!