புதிதாய் வந்த முயலும் பொறுமையும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. அதன் ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். நெசவாளராகிய நமக்கும் இவ்வூர் அந்நியமன்று. 1613ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இங்கு கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டியதே, இக்கரையிலிருந்து கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்ற வண்ணத் துணிகளின் வாணிபத்தை நாடித்தான். ஆயினும் இக்கட்டுரை துணியைப் பற்றியதன்று. அங்குள்ள ஒரு மீனவக் குப்பத்தில், என் நண்பர் இல்லத்தில் வளரும் ஒரு முயலைப் பற்றியது.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பரின் மகளுக்கு வயது பத்து. அவளுடைய பிறந்த நாளுக்கென்று சந்தையில் ஒரு வெள்ளை முயற்குட்டியை வாங்கி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்படித் தூக்குவது, எங்கே வைப்பது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் குழந்தை அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தெருநாய் குரைத்தது. முயல் பின்னங்கால்களை உதறித் துள்ளிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. பிறகு அதன் பின்னங்கால்கள் அசையவில்லை. முதுகெலும்பு முறிந்துவிட்டது என்றார் கால்நடை மருத்துவர். மறுநாள் அது இறந்தது.

“நான்தான் கொன்றுவிட்டேனா, மாமா?” என்று அவள் கேட்டாள். “இல்லை அம்மா, சொல்லிக் கொடாமல் கொடுத்தவன் நான்” என்றேன். அன்று முதல் கால்நடை மருத்துவரிடமும், முயல் வளர்ப்போரிடமும் கேட்டறிந்தவற்றையும், ஆறு மாதங்களுக்குப் பின் அதே வீட்டுக்கு வந்த இரண்டாவது முயலிடம் கற்றவற்றையும் உறுப்பினர்களுக்குக் கூற விரும்புகிறேன். நம் இல்லங்களிலும் குழந்தைகள் முயல் கேட்கிறார்கள் அல்லவா?

எந்த முயல்?

ஏரிக்கரைப் புதர்களில் ஓடும் காட்டு முயல் வேறு. வீட்டு முயல் வேறு. காட்டு முயலின் குட்டி உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ உரோமமின்றி, கண் மூடியே பிறக்கும். முன்னதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் மண்ணில் வளை தோண்டி வாழ்ந்தவை. நம் மாநிலத்தில் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டல நிலையம் முயல்களை வளர்த்து ஆராய்ந்து வருகிறது. அது குளிர்ந்த இடம். மெரினோ கம்பளியினும் மெல்லிய இழை தரும் அங்கோரா முயலுக்கும் குளிரே ஏற்றது. அடர்ந்த உரோமமுடைய அவ்வினத்தைக் கடற்கரை வெயிலுக்குக் கொண்டு வருவது கொடுமையாகும். நூலுக்காக அதனை விரும்பும் நெசவாள நண்பர்கள் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.

தூக்கும் முறை

வளையில் ஒளிந்து பிழைத்த இனமாதலின், முயலுக்குத் தரையிலிருந்து உயரத் தூக்கப்படுவது பருந்தின் பிடியில் சிக்குவதற்கு ஒப்பாகும். அதன் பின்னங்கால் தசைகள் மிக வலியவை, எலும்புகளோ மெலிந்தவை. உடல் எடையில் ஏறத்தாழ 8 சதவீதமே எலும்பு. பூனைக்கு அது 13 சதவீதம் வரை உண்டு. ஆகவே, பிடியில் திமிறி உதைக்கும்போது, கீழே விழாமலேயே அதன் முதுகு முறிந்துபோகக் கூடும்.

காதைப் பற்றித் தூக்குதல் அறவே கூடாது. ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் கீழ்க் கொடுத்து, மறு கையால் பின்புறம் முழுவதையும் தாங்கி, உடலோடு ஒட்ட அணைத்துக்கொள்ள வேண்டும். இறக்கும்போது பின்புறம் முதலில் தரையில் படியுமாறு இறக்குக. மல்லாக்கக் கிடத்தினால் முயல் அசையாமல் கிடப்பதைக் கண்டு, அது சுகமாய் உறங்குகிறது எனச் சிலர் மகிழ்வர். அது உறக்கமன்று, அச்சத்தால் விறைத்த நிலையாகும்.

குழந்தைகளுக்கு ஒரே விதி போதும்: நின்றுகொண்டு தூக்காதே; தரையில் உட்கார்ந்து பழகு. நண்பர் வீட்டில் இப்போது இதுவே சட்டம்.

முதல் ஏழு நாள்

இரண்டாவது முயல் வந்தபோது, முதல் மூன்று நாள் அதை யாரும் தொடவில்லை. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலைப் பின்னலில் கைதேர்ந்தவர்கள். நண்பரின் மனைவி பெரியதொரு ஓலைக்கூடையைக் கவிழ்த்து, ஒரு புறம் வாயில் வைத்து, ஒளிந்துகொள்ள இடம் செய்து கொடுத்தார். முயல் அதைக் கடித்தாலும் தீங்கில்லை. புல்லும் நீரும் வைப்பதற்கு மட்டும் மெல்லச் சென்று வந்தனர்.

நான்காம் நாள் முதல் சிறுமி காலையும் மாலையும் கூடையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாடம் படித்தாள். முயலை அழைக்கவில்லை, பார்க்கவும் இல்லை. விடியலும் அந்தியுமே முயல் சுறுசுறுப்பாய் இருக்கும் நேரங்கள். ஆறாம் நாள் அது வந்து அவள் பாதத்தை மூக்கால் தொட்டது. அப்பொழுதும் அவள் கையை நீட்டவில்லை. அவ்வளவு சிறு பிள்ளை அவ்வளவு பொறுமை கொண்டதற்குக் காரணம், முதல் முயலை அவள் மறவாமைதான் என்பதை நாங்கள் அறிவோம்.

கை கொடுக்கும் காலம் வந்தபின், மேலிருந்தோ நேர் எதிரிலிருந்தோ கையை நீட்டலாகாது. முயலின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், மூக்கின் நேர் முன்னே உள்ளது அதற்குத் தெரியாது. பக்கவாட்டில் தாழ்வாகக் கையைக் கொண்டு சென்று, முதலில் நெற்றியையும் கன்னத்தையும் வருடுக. வயிற்றையும் பாதங்களையும் தொடாதிருக்க. முயல் மணத்தால் ஆளை அறியும் பிராணி. ஆதலால் டீசலும் மீனும் மணக்கும் கையைக் கழுவிவிட்டு அணுகுவது நன்று.

ஏரியில் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் அம்மக்களிடையே நெடுங்காலமாக உண்டு. அதுபோலவே நண்பர் வீட்டில் முயலுக்கும் பாடு வகுத்தார்கள். காலைப் புல் மகளுக்கு. கூண்டு துப்புரவு அண்ணனுக்கு. நண்பகல் நீர் தாய்க்கு. பொறுப்பு ஒருவருடையதென்று விட்டால் ஒரு நாள் மறக்கும். முறை வகுத்தால் மறவாது. கூட்டுறவாளராகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வெயிலும் வலையும் உணவும்

கடற்கரைக் குப்பத்தில் முயலுக்கு முதற் பகை வெப்பம். 30 பாகை செல்சியசுக்கு மேல் சென்றால் அது வருந்தத் தொடங்கும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆகியவற்றின் கீழ்க் கூண்டை வைக்கலாகாது. ஓலைக் கூரையோ மர நிழலோ வேண்டும். காற்றோட்டமுள்ள பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவதும், நீர் நிறைந்த மண்சட்டியைச் சாய்ந்து படுக்க வைப்பதும் பயன் தரும். வாய் திறந்து மூச்சிரைத்தால், காதுகளைக் குளிர்ந்த நீரால் நனைத்து உடனே மருத்துவரிடம் செல்க. நீரில் அமிழ்த்துவதும் குளிப்பாட்டுவதும் கூடாது.

இரண்டாவது பகை நைலான் வலை. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால் அது எதையேனும் கடித்துக்கொண்டே இருக்கும். வலையிழை வயிற்றில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. வலை அறுந்தால் நண்பருக்கு ஒரு நாள் கூலி நட்டம். எனவே வலை காயும் இடத்தில் முயலை உலவ விடுவதில்லை. நாய், பூனை, காகம் ஆகியவற்றிடமிருந்து காக்க இரவில் கம்பிக் கூண்டு அவசியமாகும்.

உணவில் பெரும்பகுதி புல்லும் உலர்ந்த புல்லுமாக இருக்க வேண்டும். பற்கள் தேய்வதும் குடல் இயங்குவதும் அதனாலேயே. அருகம்புல் சிறந்தது. நிலமுள்ள உறுப்பினர்கள் வரப்போரம் வேலிமசாலும் முயல்மசாலும் விதைத்து, சிறிது சேர்த்துக் கொடுக்கலாம். உவர் படிந்த கரைப்புல்லை நல்ல நீரில் அலசிக் கொடுக்க வேண்டும். காரட்டு இனிப்புப் பண்டம் போன்றது. ஒரு துண்டுக்கு மேல் வேண்டா. வெங்காயம், பூண்டு, மிட்டாய் ஆகியவை விலக்கத்தக்கன. உணவைத் திடீரென மாற்றினால் கழிச்சல் காணும். முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே உண்பதைக் கண்டு அருவருக்க வேண்டா. அது அதன் செரிமான முறையாகும். ஆனால் அரை நாளுக்கு மேல் உண்ணாமலும் புழுக்கையிடாமலும் இருந்தால் தாமதிக்கலாகாது. முயலால் வாந்தி எடுக்க இயலாது. குடல் நின்றால் உயிரும் நிற்கும்.

முயலின் மொழி

முயல் பெரும்பாலும் குரல் எழுப்பாது, உடலால் பேசும். பின்னங்காலால் தரையைத் தட்டினால் அபாய அறிவிப்பு. முகவாயைப் பொருள்களில் தேய்த்தால், தன்னுடையது என்று மணத்தால் முத்திரையிடுகிறது. வருடும்போது பற்களை மெல்ல அரைத்தால் மகிழ்ச்சி. உடலைக் குறுக்கிக்கொண்டு உரக்க அரைத்தால் வலி. கால்களை நீட்டிப் படுத்தால், இவ்விடம் அச்சமற்றது என்று அது முடிவு செய்துவிட்டது என்று பொருள்.

ஆணையும் பெண்ணையும் ஒன்றாக வைப்போர் ஒன்று நினைவிற் கொள்க. நான்கு முதல் ஆறு மாதத்திலேயே அவை பருவமடையும். சுமார் 31 நாட்களில் ஈனும். முயலின் வாழ்நாளோ 8 முதல் 10 ஆண்டு. பத்து வயதுக் குழந்தைக்கு வாங்கித் தருவது, அவள் கல்லூரி செல்லும் வயது வரை உடன் இருக்கும். ஒரு பிறந்த நாளுக்குரிய பொம்மையன்று அது.

சென்ற முறை நான் அக்குப்பத்துக்குச் சென்றபோது பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. நண்பர் ஏரியிலிருந்து திரும்பி, கை கால் கழுவி, திண்ணையருகே தரையில் அமர்ந்தார். முயல் கூடையினின்று வந்து அவர் முழங்காலருகே கால் நீட்டிப் படுத்தது. மகள் எனக்கும் ஒரு பிடி அருகம்புல்லைத் தந்து, “கீழே உட்காருங்கள் மாமா, பக்கத்திலிருந்து கொடுங்கள்” என்றாள். நானும் தரையில் உட்கார்ந்தேன்.