விழுந்தால் உடனே எழாதீர்கள்

பனிச்சறுக்கு மையத்துக்குப் போகிறவர் நான்கு நாள் சறுக்கிவிட்டு ஊர் திரும்பிவிடுவார். அங்கே வேலை செய்பவருக்கோ குளிர்காலம் முழுக்க அதே சரிவுதான். குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் பயிற்றுநர், அடிபட்டவரைச் சறுக்குவண்டியில் கிடத்திக் கீழே இறக்கும் ரோந்துப் பணியாளர், நாற்காலி லிஃப்ட்டில் ஆட்களை ஏற்றி இறக்குபவர், இராத்திரியெல்லாம் கனத்த குழாயை இழுத்துச் செயற்கைப் பனி தூவுபவர் என்று எத்தனையோ பேர். அவர்கள் உடம்பைப் பற்றி யார் பேசுகிறோம்?

கண்ணும் கட்டைவிரலும்

புதுப்பனி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கண்ணாடி போடாமல் பகலெல்லாம் லிஃப்ட் அருகே நின்றவருக்குச் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். சறுக்குக்கோலைப் பிடித்தபடியே விழுந்தால் கட்டைவிரலின் அடிமூட்டு ஜவ்வு கிழியலாம். சுளுக்குதானே என்று விட்டுவிட்டால், பிற்பாடு சாவியைத் திருகக்கூடப் பிடி இருக்காது.

முழங்காலைத் திருகும் மாயப் பாதம்

எல்லாவற்றிலும் கொடியது ஏ.சி.எல். என்னும் முழங்கால் ஜவ்வு கிழிவது. அந்தப் பருவத்து வேலை அதோடு போயிற்று. இதற்குப் பெரிய மோதல் வேண்டியதில்லை. பின்னால் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்கும் கீழே இறங்கி, உடம்பின் பாரமெல்லாம் ஒரு சறுக்குப்பலகையின் வால்பக்கம் விழும்போது, அந்த வாலே நெம்புகோலாகி மடங்கிய முழங்காலைத் திருகிவிடுகிறது. குதிகாலுக்குப் பின்னால் இன்னொரு பாதம் முளைத்ததுபோல் இருப்பதால் இதை ‘மாயப் பாதம்’ என்கிறார்கள். காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, கால் எலும்பு முறிவதைத் தடுக்க உதவும். இந்தத் திருகலில் அதை நம்ப முடியாது.

20 மையங்களில் நடந்தது

அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் கார்ல் எட்லிங்கர் குழுவினர், ஜவ்வு கிழிந்த விபத்துகளின் வீடியோக்களை நுணுகிப் பார்த்தார்கள். 1993–94 பருவத்தில் 20 மையங்களின் ஊழியர்களுக்கு அவற்றைக் காட்டிப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சி பெற்ற பயிற்றுநர்களிடமும் ரோந்துப் பணியாளர்களிடமும் கடுமையான முழங்கால் ஜவ்வுக் காயம் 62 சதவீதம் குறைந்தது. பயிற்சி தராத மையங்களில் குறையவில்லை. புதிதாக ஒரு கருவிகூட இல்லாமல் இவ்வளவு முழங்கால்கள் தப்பின என்றால், பருவத் தொடக்கத்தில் இதைச் சொல்லித்தராத முதலாளிக்கு என்ன சாக்கு இருக்க முடியும்?

சொல்லித்தந்தவை எளியவை. கைகள் முன்னால் இருக்கட்டும். விழும்போது காலை விறைப்பாக நீட்ட வேண்டாம். விழுந்தபின், சறுக்கல் முழுதாக நிற்கும்வரை எழ முயல வேண்டாம்.

வேலையை நிறுத்த வேண்டிய நேரம்

முழங்காலுக்குள் ‘பட்’டென்று சத்தம் கேட்டதா? சில மணி நேரத்தில் வீக்கம் கண்டதா? ஊன்றினால் கால் நழுவுகிறதா? வலி தணிந்தாலும் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.